பட்டா நிலமும் அடிமண்ணும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'கல்லூரி நினைவுகள்' பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எழுதியும் வந்தேன். ஆனால் காலையில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி வந்து, "சார், நீங்க வக்கீல்தானே? எங்க தாத்தா காலத்துப் பட்டா நிலம். பக்கத்துக் காடு வரைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வந்துடுச்சு. அடுத்தது எங்களுதுதான்னு பேச்சு. பூமிக்கு அடியில இருக்கறதெல்லாம் கவர்மெண்டுக்குச் சொந்தமாமே, கோர்ட்டுக்குப் போய் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நினைவுகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

அடியில் இருப்பதெல்லாம் அரசுக்கே என்பது ஊர்ப்பேச்சு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரிலிருந்தே ஒரு வழக்கு. அங்கே ஜென்ம நிலத்தில் கல் எடுத்தவர்களிடம் கேரள அரசு ராயல்டி கேட்டது. கனிமம் எங்களுடையது என்றார்கள் நிலக்காரர்கள். ரயத்துவாரி பட்டா கொடுத்தபோதே அந்த உரிமை அரசுக்கு வந்துவிட்டது என்றது அரசு. உயர்நீதிமன்றத்தில் நிலக்காரர்கள் தோற்றார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பட்டா என்பது வரி வசூலுக்கான ஏற்பாடு, அது யாருடைய உரிமையையும் பறிக்காது. சட்டப்படியான ஒரு வழியில் பறிக்கப்படாத வரை, நிலம் யாருடையதோ அடிமண்ணும் அவருடையதுதான் என்றது. (ராயல்டி கட்ட வேண்டுமா என்பதை மட்டும் முடிவு செய்யாமல் விட்டது.) ஆனால் சொந்தம் என்பதற்காக நாமே தோண்டிவிட முடியாது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

சரி, பட்டாவே இல்லாதவர் என்ன செய்வது? அதற்குத்தான் போரா. அரக்கு பக்கம் குகை பார்க்கப் போகிறோமே, அதே ஊர். அப்போது விசாகப்பட்டினம் மாவட்டம், இப்போது அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம். பழங்குடிகளின் அட்டவணைப் பகுதி. அங்கே பழங்குடி அல்லாதவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஆந்திர அரசு சுரங்கக் குத்தகை கொடுத்தது. 'சமதா' என்ற சங்கம் வழக்குப் போட்டது. 1995இல் உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

வழக்கு முழுக்க ஒரே ஒரு சொல்லில் நின்றது. அட்டவணைப் பகுதியில் ஒரு 'நபர்' பழங்குடி அல்லாதவருக்கு நிலத்தை மாற்றிக் கொடுத்தால் செல்லாது என்கிறது அங்குள்ள 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம். அரசாங்கம் 'நபரா'? எங்கள் நிலத்தை நாங்கள் யாருக்கும் கொடுப்போம் என்றது அரசு. 1997 ஜூலை 11 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர், அரசும் 'நபர்'தான், குத்தகைகள் செல்லாது என்றார்கள். மூன்றாமவர் பட்டநாயக் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தீர்ப்பையும் சட்ட மாணவர்கள் அவசியம் படியுங்கள், லேசான வாதம் இல்லை அது. அரசின் சுரங்கக் கழகமோ பழங்குடிகளின் கூட்டுறவுச் சங்கமோ தோண்டலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே வழி விட்டிருக்கிறது. 2001இல் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தத் தீர்ப்பைப் பற்றித் தயக்கம் தெரிவித்தது. ஆனாலும், கையில் காகிதம் இல்லாதவர்களுக்காக ஒரு சங்கம் போய், அரசு கொடுத்த குத்தகையை உடைத்ததே, அது சாதாரணமா?

இனி தம்பியின் நிலம். பேச்சுவாக்கில், அவர் ஊர் பழைய ஜமீன் கிராமம் என்றார். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஏனென்றால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தோடு கனிமங்களையும் பெயர் சொல்லியே அரசுக்கு மாற்றிவிட்டது. மலபார்த் தீர்ப்பு சொல்லும் 'சட்டப்படியான வழி' இதுதான். ஆகவே அடிமண் என்னுடையது என்று அவர் வாதாடினால் தோற்க வாய்ப்பு அதிகம். நயமாகச் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை.

ஆனால் மேல்மண் அவருடையது. குத்தகைதாரர் அதற்கு இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கிறாரா, பொது விசாரணை தேவைப்பட்ட இடத்தில் அது ஒழுங்காக நடந்ததா, அறிக்கையில் ஊர்க் கிணறும் ஏரியும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் சென்னையிலேயே பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் 'பேசிப் பார்ப்போம்' என்று அந்த நாட்களை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ தெரியவில்லை. சாப்பாடு முடிந்ததும் நூலக வாசலுக்கு வாருங்கள். அப்பாவுக்குப் போன் போட்டு, மூலப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தால், முதலில் அது வந்த தேதியைக் கேளுங்கள். கல்லூரி நினைவுகளை அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம்.