செவி காட்டும் நிலம்



சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலைப் பறவைக் குரல்களைப் பதிவு செய்ய விரும்பி, எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று அமர்ந்தேன். செம்போத்தும் மீன்கொத்தியும் குரல் கொடுக்கக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினேன். பதிவை ஓடவிட்டபொழுதுதான் திகைத்தேன். வயலில் நீர் இறைத்த ஆயில் எஞ்சினின் ஓசையே ஓங்கி நின்றது. பறவைகள் எங்கோ தொலைவில் முனகின. கருவியில் பழுதில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய இரைச்சலைத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் என் செவி பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கிக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது.

ஒலியைக் கொண்டு நிலத்தை அறிவது நமக்குப் புதுமையன்று. நிலத்தின் கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர் புள்ளையும் பறையையும் விடாது சேர்த்தார். ஒலிப்பதிவுக் கருவியின் துணையோடு இதனை ஆராய்ந்தவர்களுள் கனடா நாட்டு இசையமைப்பாளர் மரே ஷேஃபர் குறிப்பிடத்தக்கவர். 1975-இல் அவரும் அவர் குழுவினரும் ஐரோப்பாவின் ஐந்து சிற்றூர்களில் தங்கி, அவற்றின் ஒலிகளைப் பதிந்தனர். அவற்றுள் லெஸ்கோனில் என்பது பிரான்சின் பிரிட்டனிக் கரையில் உள்ள மீனவர் ஊர். அங்கே காற்று ஒரு நாளுக்குள் திசைமாறிச் சுழலும். காலையில் நிலப்புறத்திலிருந்து அண்டை ஊர்க் கோயில் மணியோசை மிதந்து வரும். பொழுது ஏற ஏறக் கடலின் ஒலிகள் வந்து சேரும். இம்முறை பிறழ்ந்தால் வானிலை மாறப்போகிறது என்று மீனவர் உணர்ந்துகொள்வர். கடிகாரமும் வானிலை அறிக்கையும் அவர்களுக்குக் காற்றிலேயே வந்தன என்னலாம்!

இதனினும் என்னை உலுக்கியது மற்றொரு செய்தி. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி என்றோர் இடம் உண்டு. அங்கு மரம் வெட்ட முனைந்த நிறுவனம் ஒன்று, ஆங்காங்கே சில மரங்களை மட்டும் வெட்டுவதால் சூழலுக்குக் கேடில்லை என்று ஊராருக்கு உறுதி கூறியது. இசைக்கலைஞராயிருந்து இயற்கை ஒலிகளின் பக்கம் திரும்பிய பெர்னி கிரௌஸ், வெட்டுக்கு முன்னர், 1988 ஜூன் மாத விடியலொன்றில், அங்கே எழுந்த ஒலிகளைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே வேளையில், அதே இடத்தில் மீண்டும் பதிந்தார். கண்ணுக்குக் காடு மாறவே இல்லை. புகைப்படமும் அதற்குச் சாட்சி. பதிவிலோ, முந்திய ஆண்டு திரண்டெழுந்த பறவைக் குரல்கள் இல்லை. ஓடை சலசலக்கிறது, ஒரு மரங்கொத்தி தட்டுகிறது, அவ்வளவே. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்ட அன்று எனக்கு நெடுநேரம் பேச்சு எழவில்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பதினைந்து முறை அவர் அங்கே சென்றார். பழைய ஒலிவளம் திரும்பவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் முதற்பதிவு இருந்தது. எங்கள் குளத்துக்கு அஃது இல்லை. எஞ்சின் வருவதற்கு முன் அக்கரை விடியல் எவ்வாறு ஒலித்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். அவர் சற்றே கண்ணை மூடினார். ஏற்றம் இறைப்பவனின் பாட்டும், அதற்கு ஊடே நாரைகளின் குரலும் என்றார். பாட்டைப் பாடிக்காட்ட முயன்றார். இரண்டாம் அடி நினைவுக்கு வரவில்லை.

அந்த எஞ்சின் ஓசையுடன் கூடிய பதிவை நான் அழிக்கவில்லை. நாளும் வேளையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் அதே நாளில் அதே கரைக்குச் சென்று மீண்டும் பதிந்துவருகிறேன்.