சூரியனைப் பின்தொடரும் கண்ணாடிகள்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் ஒருங்கு குவித்து, அதன் வெப்பத்தினால் மின்சாரம் பிறப்பிக்கும் முறையாகும். சூரிய சக்தி என்றவுடன் கூரைமேற் பதித்த கருநீலத் தகடுகளே நமது நினைவுக்கு வருகின்றன. அவை ஒளியை நேரே மின்சாரமாக மாற்றுவன. இன்று நாம் காணும் சிலிக்கன் தகட்டின் முன்னோடி 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வெளிப்பட்டது. கண்ணாடியும் நீராவியும் கொண்ட முறையோ அதற்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது. அதன் வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

அப்பாடம் நமக்கு ஏன் வேண்டும்? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்க வகையின்றி, நமது நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரையும் மின்சாரம் நிறுத்தப்பட்டதை இச்சபையில் மறந்தவர் எவரும் இலர். அந்நாட்களிலும் சூரியன் தவறாது உதித்தது. எரிபொருளைக் கடல் கடந்து வாங்கும் நாடு, தன் தலைக்குமேல் எரியும் நெருப்பை ஏன் பயன்படுத்தவில்லை என்பது நியாயமான கேள்வியே.

சூரிய ஒளிக்கு விலை இல்லை. ஆயின் அது மெலிந்து பரந்து கிடக்கின்றது. மேகமற்ற நடுப்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழுவது ஏறக்குறைய 1,000 வாற்று. அஃது ஒரு மின்சார இஸ்திரிக்கைப் பெட்டியின் வலுவுக்குச் சமம். ஆனாலும் முற்றத்து வெயிலில் வைத்த குடத்துநீர் இளஞ்சூடாகுமேயன்றிக் கொதிப்பதில்லை. பெறுகின்ற வெப்பத்தை அது காற்றுக்கு உடனுக்குடன் இழந்துவிடுகின்றது. பல சதுர மீற்றரில் விழும் ஒளியை ஒரு சிறிய இடத்துக்குத் திருப்பினால், அவ்விடம் இழப்பதைவிடப் பன்மடங்கு பெறும், உஷ்ணமும் ஏறும். பூதக்கண்ணாடியாற் கடதாசியை எரித்து விளையாடாத சிறுவன் யார்? தத்துவம் அதுவே.

குழிவாடியைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திற் படித்திருக்கின்றோம். சமாந்தரமாக வரும் கதிர்களை அது குவியத்திற் சேர்க்கின்றது. பரவளைவு வடிவம் கொண்ட ஆடி இதனைச் செம்மையாகச் செய்யும். அவ்வளைவைப் பீலிபோல நீட்டினால் ஒளி ஒரு கோட்டிற் குவியும்; கிண்ணம்போல ஆக்கினால் ஒரு புள்ளியிற் குவியும். கோட்டிற் குவிப்பது எளிது. ஒளி எழுபது எண்பது மடங்கு செறிவடையும். புள்ளியிற் குவிப்பது கடினம். ஆயினும் ஆயிரம் மடங்குக்கு மேலும் செறிவு பெறலாம்.

நிற்க. குவிப்பதனால் மட்டும் காரியம் முடிவதில்லை. சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதுபோலத் தோன்றுகின்றது. அதன் வட்டமோ நமது கண்ணுக்கு அரைப்பாகை அகலமே. ஆகவே, இரண்டே நிமிஷத்தில் அது தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். அசையாது நிற்கும் குழிவாடியின் குவியத்திற் குழாயை வைத்தால், சிறிது நேரத்துக்குள் ஒளி குழாயை விட்டு விலகிவிடும். எவ்வளவு அதிகமாகக் குவிக்கின்றோமோ அவ்வளவு நுட்பமாகப் பின்தொடரவும் வேண்டும். குவித்தலும் தொடர்தலும் இணைபிரியா.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. கோபுரமொன்றின் உச்சியிலே கொதிகலனை நிறுத்தி, நிலத்திற் பரப்பிய தளவாடிகள் பலவற்றால் அதன்மேல் ஒளியை வீசுவதாகக் கொள்வோம். ஆடி ஒரு பாகை திரும்பினாற் தெறிக்கும் கதிர் இரண்டு பாகை திரும்பும். ஆகையால் ஆடி சூரியனையும் பார்ப்பதில்லை, கோபுரத்தையும் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் நடுவான திசையையே எந்நேரமும் பார்த்து நிற்கும். ஒவ்வோர் ஆடிக்கும் அத்திசை வெவ்வேறு. இன்று கணினி கணித்துச் சொல்ல, சிறு மோட்டார்கள் ஆடியைத் திருப்புகின்றன. முன்னோர் இதனைக் கையினாற் செய்தனர்.

அம்முன்னோர் மூவரை இங்கு குறிப்பிட விரும்புகின்றேன். முதலாமவர் அகஸ்ரின் மூஷோ என்னும் பிரெஞ்சுக் கணித ஆசிரியர். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோம் என அஞ்சிய அவர், கூம்பு வடிவக் கண்ணாடியால் நீராவி உண்டாக்கினார். 1878ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரக் கண்காட்சியிலே சூரிய வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி உறையச் செய்து காட்டினார். ஆயினும் நிலக்கரி மலிவாகவே, அரசாங்கம் அவரைக் கைவிட்டது.

இரண்டாமவர் வில்லியம் அடம்ஸ். பம்பாய் உயர்நீதிமன்றத்திலே துணைப் பதிவாளராயிருந்த ஆங்கிலேயர். பெரிய வளைந்த ஆடியைச் செய்வதிலும், சிறு தளவாடிகள் பலவற்றை அரைவட்டமாக அடுக்குவது எளிதென அவர் கண்டார். அவ்வாறு செய்து, இரண்டரைக் குதிரைவலுவுள்ள நீராவி யந்திரத்தை ஓட்டினார். உஷ்ண நாடுகளில் விறகுக்கும் கரிக்கும் பதிலாகச் சூரிய வெப்பம் என்று 1878இல் ஒரு நூலும் எழுதினார். இன்றைய கோபுர நிலையங்களின் வித்து பம்பாயிலே அன்றே ஊன்றப்பட்டதெனலாம்.

மூன்றாமவர் பிராங் ஷூமன் என்னும் அமெரிக்கர். அவர் தெரிந்தெடுத்த நாடு எகிப்து. அங்கே வெயில் மிகுதி. நிலக்கரியோ கப்பலில் வரவேண்டும். கெய்ரோவுக்குத் தெற்கே மாஆதி என்னுமிடத்தில், 62 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட பரவளைவுப் பீலிகள் ஐந்தை அவர் நிறுவினார். அவை காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் தாமே சரியும். முதற் பரீட்சையில் நாகத்தாலான கொதிகுழாய்கள் வெப்பந் தாங்காது தொய்ந்தன. வார்ப்பிரும்பினால் அவற்றை மாற்றிய பின், 1913இல் அந்நிலையம் நைல் நதியிலிருந்து நிமிஷத்துக்கு 20,000 லீற்றருக்கு மேற்பட்ட நீரைப் பருத்தி வயல்களுக்கு இறைத்தது. அன்று எகிப்தில் ஆங்கில அரசின் பிரதிநிதியாயிருந்த கிச்சினர் பிரபு, சூடானிலும் இத்தகைய நிலையம் அமைக்க நிலம் தர முன்வந்தார்.

அடுத்த ஆண்டு முதலாம் உலக யுத்தம் மூண்டது. பொறியியலாளர் தத்தம் நாடு திரும்பினர். மாஆதியின் இரும்பு பிரித்தெடுக்கப்பட்டது. 1918இல் ஷூமனும் காலமானார். யுத்தம் முடிந்தபோது மலிவான எண்ணெயின் காலம் தொடங்கிவிட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளாகப் பெரிய நிலையமெதனையும் கட்டுவார் இலர். யந்திரம் பிழைத்ததன்று, பிறிதொரு பொருள் மலிந்ததே அதற்குக் கேடாயிற்று. நமக்குரிய பாடமும் இதுவே. மலிவான எரிபொருள் கிடைக்கும் காலத்தில் அதற்கு மாற்றுத் தேடுவார் அருகிவிடுகின்றனர். அது அருமையாகும் காலத்திலோ தேட அவகாசம் இருப்பதில்லை.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது உலகம் மீண்டும் கண் விழித்தது. 1982இல் கலிபோர்னியாப் பாலைநிலத்திலே 1,818 ஆடிகள் சூழ்ந்த 10 மெகாவாற்றுக் கோபுரம் இயங்கத் தொடங்கியது. 1984 தொடக்கம் 1990 வரை அதே மாநிலத்தின் மொஹாவே பாலைநிலத்தில், ஷூமனுடைய பீலிகளைப் போன்றவற்றைக்கொண்டு ஒன்பது நிலையங்கள் எழுந்தன. அவற்றின் மொத்த வலு 354 மெகாவாற்று. எண்ணெய் விலை மறுபடியும் இறங்க, அவற்றைக் கட்டிய கம்பெனி 1991இல் முறிந்தது. நிலையங்களோ அதன் பின்னரும் பல்லாண்டு மின்சாரம் தந்தன.

இரவிற் சூரியன் இல்லையே, அப்போது என் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இம்முறையின் தனிச்சிறப்பு வெளிப்படுகின்றது. மின்சாரத்தைச் சேமிப்பதிலும் வெப்பத்தைச் சேமிப்பது எளிது. சோடியம் நைத்திரேற்றும் பொற்றாசியம் நைத்திரேற்றும் கலந்த உப்பை உருக்கி, 290 பாகைச் சூட்டிற் கோபுரத்துக்கு ஏற்றுவர். உச்சியிலே அது 565 பாகைக்குச் சூடேறி, இறங்கிப் பெருந்தொட்டியிற் சேரும். வேண்டியபோது அதனாற் தண்ணீரைக் கொதிக்கச் செய்து நீராவிச் சுழலியைச் சுழற்றலாம். ஸ்பெயினில் செவில் மாகாணத்திலே 2011இல் தொடங்கிய ஹெமாசோலார் நிலையம், 15 மணி நேரத்துக்கு வேண்டிய வெப்பத்தை இவ்வாறு சேமித்து, இராப்பகல் ஓயாது மின்சாரம் தந்து காட்டியது. மொரோக்கோ நாடும் நம்மைப்போல எரிபொருளிற் பெரும்பகுதியை வெளியே வாங்குவது. அங்கும் மின்சாரத்துக்கு அதிக தேவை மாலை வேளையிலேயே. உவர்சாசாத் என்னுமிடத்தில் 2016 தொடக்கம் அந்நாடு நிறுவிய பீலிகளும், ஏறக்குறைய 250 மீற்றர் உயர்ந்த கோபுரமும், பகல் வெயிலைச் சேமித்து இரவுக்கு உதவவே எழுந்தவை.

குறைகளையும் மறைத்தலாகாது. உருகிய உப்பு 240 பாகையளவிற்குக் கீழே இறங்கினாற் குழாயிலேயே உறைந்துபோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே 2015இல் இயங்கத் தொடங்கிய 110 மெகாவாற்று நிலையத்தின் உப்புத்தொட்டி அடுத்த ஆண்டே கசிந்தது. நிலையம் பல மாதம் நின்றது. 2020இல் அதன் கம்பெனி வங்குரோத்து அடைந்தது. கோபுரத்தைச் சூழ்ந்த செறிந்த ஒளியிற் பறவைகள் சிறகு கருகி வீழ்வதுமுண்டு. பாலைநிலத்திற் கண்ணாடி கழுவ நீர் தேடவேண்டியுமிருக்கின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2010க்குப் பின் வந்த பத்தாண்டில் சூரியத் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்களவிற்கு இறங்கிற்று. நிலக்கரியும் எண்ணெயும் முன்பு செய்ததை இம்முறை உடன்பிறப்பே செய்துவிட்டது. ஆயினும் தொடர்தல் என்னும் கலை வீண்போகவில்லை. பெரிய தகட்டுப் பண்ணைகள் பலவற்றில் இன்று தகடுகளும் கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனை நோக்கித் திரும்புகின்றன.

அவ்வாறாயின் இலங்கையிலும் கோபுரம் கட்டலாமோ? எனது தாழ்மையான எண்ணம், கூடாது என்பதே. குவிக்கத்தக்கது சூரியனிடமிருந்து நேரே வரும் கதிர் மாத்திரமே. மேகத்தாலும் ஈரக்காற்றாலும் சிதறி எத்திசையிலுமிருந்து வரும் ஒளியை எக்கண்ணாடியாலும் குவிக்க முடியாது. நமது தீவின் வானம் பாலைநில வானமன்று. சிதறிய ஒளியையும் ஏற்றுக்கொள்ளும் தகடே நமக்கு ஏற்றது. பிறநாட்டிற் சிறந்ததெல்லாம் நமக்கும் சிறந்ததென எண்ணுதல் விஞ்ஞானமாகாது.

ஆனால் உப்புத்தொட்டி சொல்லும் செய்தி நமக்கும் உரியது. நமது வீடுகளில் மின்சாரம் அதிகம் வேண்டப்படுவது மாலை ஆறரைக்குப் பின், விளக்கேற்றிச் சமைக்கும் வேளையிலே. கூரைத்தகடு அவ்வேளையில் உறங்கிவிடும். தகட்டைப் பெருக்கினால் மட்டும் போதாது. பகலின் மிச்சத்தை இரவுக்கு வைத்திருக்கும் பாத்திரமும் வேண்டும். அது மின்கல அடுக்காயிருக்கலாம். மேட்டுக் குளத்துக்கு ஏற்றி வைத்த நீராயிருக்கலாம். எதுவாயினும், எண்ணெய்க் கப்பல் ஒழுங்காக வரும் காலத்திலேயே அதனைத் தேடுதல் வேண்டும்.

வாலிப நண்பர்களே, குழிவாடியைப் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துவிடாதீர்கள். பழைய குடைக்கம்பிகளும் வெள்ளித்தாளும் கொண்டு ஒரு கிண்ண ஆடி செய்து பாருங்கள். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிஷம் செல்கின்றது, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை ஆடியைத் திருப்ப வேண்டியிருக்கின்றது என்று குறித்து வையுங்கள். குவியத்தில் கண்ணையோ கையையோ வைத்துவிடாதீர்கள். அங்கே தீயே இருக்கின்றது. மூஷோவும் அடம்ஸும் இவ்வளவிலேயே தொடங்கினர். அடுத்த ஆண்டு இச்சங்கத்தில் உங்களில் ஒருவர் தம் கையால் அளந்த கணக்கைக் கொண்டுவந்து பேசுவாராயின், அது எனது பேச்சிலும் பயனுடையதாகும்.