பாலும் நம் பொறுப்பும்



ஊரிகத்து வீடுகளில் பாலை ஆராய்வதற்கு நமக்கு நெடுநாளாக இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தின் மேல் விட்டு, அது நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்ப்போம். பிறகு பொங்கக் காய்ச்சி, ஆடை படிகிறதா என்று பார்ப்போம். இவ்விரண்டிலும் தேறியது நல்ல பால் என்பது நம் முடிவு. அம்முடிவு எவ்வளவு சரியானது என்பதை இன்று சிந்திப்போம்.

நகத்துச் சோதனை தண்ணீர் கலந்ததைக் காட்டலாம், கிருமியைக் காட்டாது. கறந்த சூட்டோடு வைத்த பாலில் சில கிருமிகள் விழுந்தாலும், சில மணி நேரத்தில் அவை பல்கிப் பெருகிவிடும். ஆகவேதான் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமங்களில் திரட்டும் பாலைக் குளிரூட்டிப் பால் பண்ணைக்கு அனுப்புகின்றன. அங்கே அதனை 72 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 15 விநாடி நிறுத்தி, உடனே மீண்டும் குளிரச் செய்கின்றனர்.

இவ்வுஷ்ணம் சரியாக எட்டியதா என்பதை எவ்வாறு அறிவது? பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்னும் நொதி உண்டு. காசநோய்க் கிருமி அழிவதற்குச் சற்று மேலான உஷ்ணத்தில்தான் அந்நொதி அழியும். ஆதலின் அது எஞ்சியிருந்தால், சூடு போதவில்லை என்று தெளியலாம்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், பெயருக்கேற்பக் கலப்படத்தின் மீதே பெரிதும் கண்ணாயிருந்தது. 2006இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டமோ, உற்பத்தி முதல் விற்பனை வரை பாதுகாப்பைக் கருதுகிறது. இச்சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்தது. உயிருக்குத் தீங்கான கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. ஆனால் அப்லாடாக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. அவற்றுள் 88 நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் சோளத்தையும் மாடு தின்பதால் வரும் நஞ்சு இது. நாம் காய்ச்சினாலும் அழியாது. பண்ணையில் சூடாக்கினாலும் அழியாது. நம் இரண்டாம் சோதனையும் இங்கே தோற்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத தீங்கு நமக்குப் புதிதன்று. 2001இல் மூடப்பட்ட நம் தங்கச் சுரங்கங்களில், நுண்ணிய கல்தூசி எத்தனையோ பேருடைய நுரையீரலைக் கெடுத்தது. அதைக் கண்டறியக் கண் போதவில்லை; மருத்துவரின் கருவி வேண்டியிருந்தது. பாலின் நிலையும் அதுவே.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? மாடு வளர்ப்போர் தீவனத்தை ஈரமின்றிக் காத்து, பூஞ்சணம் கண்டதை எறிந்துவிட வேண்டும். மடிநோய்க்கு ஊசி போட்டபின், மருத்துவர் சொல்லும் நாள் கழியும்வரை அப்பாலை விற்றலாகாது. வாங்குவோர், குளிர்ச்சி நீங்கி வெளியே கிடந்த பாக்கெட்டை மறுக்க வேண்டும். வாசலில் கறந்து தரும் பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுத்தலாகாது.

காய்ச்சுவது நம் கடமையின் முடிவன்று, ஒரு பகுதியே. நல்ல பால் மாட்டின் தீவனத்தொட்டியிலேயே தொடங்குகிறது என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.