படத்தாளும் அதன் பாதுகாப்பும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் வீடுகளில், ஊரிலுள்ள பெற்றோரின் படம் கூடத்துச் சுவரில் இல்லாதிருத்தல் அரிது. முன்னாளில் ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தந்த அப்படத்தை, இன்று மை தெளிக்கும் இங்க்ஜெட் பொறியில் நாமே வீட்டில் அச்சிட்டுக்கொள்கிறோம். ஆனால் சில வீடுகளில் ஓராண்டு கழிவதற்குள் முகம் வெளிறிப் போகிறதே, ஏன்? பொறியைக் குறை கூறுமுன் தாளைச் சற்று நோக்குதல் வேண்டும்.

கடைக்காரர் கனத்தைக் காட்டியே விலை சொல்லுவார். நகலெடுக்கும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம். படத்தாள் பெரும்பாலும் 180 முதல் 300 கிராம். கனம் கைக்கு நன்றாயிருக்கும், அவ்வளவே. படத்தின் ஆயுள் மேற்பூச்சிலும் மையிலுமே அடங்கியுள்ளது. பளபளப்புத் தாள்கள் பலவற்றின் பூச்சில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. மை அவற்றினுள் இறங்கி விரைவில் உலர்கிறது. அத்துளைகளின் வழியே காற்றும் புகுகிறது. காற்றிலுள்ள ஓசோன் வாயு சாய மையின் நிறத்தைச் சிதைத்துவிடுகிறது. டெல்லியின் கோடைப் பிற்பகல்களில் இவ்வாயு மிகுவதுண்டு. கரையாத நிறமித் துகள்களால் ஆன மை இதனை நெடுநாள் தாங்கும். ஆயினும் மலிவான பளபளப்புத் தாள்கள் சிலவற்றில் நிறமி மை சரிவர ஒட்டாது. விரல் பட்டாலே கலையும். ஆகவே நம் பொறியில் உள்ளது எவ்வகை மை என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றதென உறையில் குறித்துள்ள தாளையே வாங்குதல் நன்று. லேசர் பொறியில் இத்தாளை இடவே கூடாது. அதன் சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர்க்கு மழைக்காலமே சோதனை. உறையைத் திறந்தபடி வைத்தால் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். வேண்டிய தாளை மட்டும் ஓரத்தைப் பற்றி எடுத்து, எஞ்சியவற்றை அவ்வுறையிலேயே மூடித் தட்டையாக வைக்க வேண்டும்.

அச்சிட்ட படத்தை ஒரு நாள் உலரவிட்ட பின்பே சட்டமிட வேண்டும். இல்லையேல் கண்ணாடியின் உட்புறம் மூட்டம் படியும். படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு வைப்பது நல்லது. கண்ணாடி காற்றைத் தடுக்கும். மறைந்தோர் படத்தின் முன் விளக்கேற்றும் வீடுகளில் எண்ணெய்ப் புகையையும் தடுக்கும். வெயில் நேரே விழும் சுவர் ஆகாது.

அதே நாளில் மற்றொரு படியும் அச்சிட்டு, பாலிப்ரொப்பிலீன் உறையில் இட்டுப் பெட்டியினுள் வைக்கலாம், பி.வி.சி. உறை வேண்டா. சில ஆண்டுகள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுவரிலிருந்த படம் எவ்வளவு மங்கியுள்ளதென்பது தெரிந்துவிடும்.