ஞாயிறு வேலை நாளான ஊரில்



ஜோகூரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றார்கள். அரசாங்க அலுவலகங்களும் அன்று திறந்திருந்தன. தனியார் கம்பெனிகளில் பல, பழையபடி ஞாயிற்றுக்கிழமையே லீவு விட்டன. அப்பாவுக்கு ஒரு நாள் லீவு, பிள்ளைக்கு வேறொரு நாள் லீவு. 2025 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பி வரும்வரை பதினோரு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

நம் கோயில்களுக்கு இதனால் பெரிய சிரமம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு என்றால் அம்மன் கோயிலுக்கு நல்லதுதானே! ஆனால் வாரத்தில் ஒரு நாளை, அதுவும் அந்த ஒரே நாளை, நம்பி நடப்பது கிறிஸ்தவ சபை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உள்ள சபைக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. ஜோகூர் பாருவில் என்றால் ஆள் பலம், பண பலம் உண்டு. இரண்டு, மூன்று ஆராதனை வைத்துச் சமாளித்திருக்கலாம். லாபிஸ் மாதிரி ஊரில் இருக்கும் ஒரு சின்னச் சபை என்ன செய்திருக்கும்? லாபிஸ் பிரஸ்பிட்டேரியன் சபையையும், அதைப்போல ஜோகூரின் சிற்றூர்களில் இருக்கும் சபைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அங்கே மக்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதை இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

லாபிஸ், சிகாமட் மாவட்டத்தில் இருக்கிறது. சிகாமட்டிலிருந்து யோங் பெங் போகும் பழைய கூட்டரசுச் சாலை ஊருக்குள் போகிறது. 1909இல் கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை போட்டு முடித்த ரயில் பாதையும் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சுற்றிலும் முன்பு பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. உலகப் பத்திரிகைகளில் இந்த ஊரின் பெயர் அடிபட்டது 1964 செப்டம்பரில். இந்தோனேசியாவோடு கொன்ஃப்ரொன்தாசி என்ற மோதல் நடந்த காலம். செப்டம்பர் 2ஆம் தேதி இரவில், ஏறத்தாழ நூறு இந்தோனேசியப் பாராசூட் வீரர்கள் லாபிஸ் வட்டாரத்தில் குதித்தார்கள். மறுநாளே நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் பிடிபட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஊர் பழையபடி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. மெதடிஸ்ட் தெரியும், கத்தோலிக்கர் தெரியும், லூத்தரன் தெரியும். ஆனால் இந்த வழிக்கும் தமிழருக்கும் உறவு இல்லாமல் இல்லை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி. ஆர்க்காட்டில் அமெரிக்க மிஷனரிகள் கட்டிய சபைகளும் இதே குடும்பம்தான். அந்தச் சபைகள் பிற்பாடு தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அந்த ஐக்கிய சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு ஒன்றாகி, சி.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. பிரஸ்பிட்டேரியன் என்ற பலகை அங்கே இறங்கிவிட்டது. அதனால்தான் பெயர் நம் காதில் புதிதாக விழுகிறது.

ஜோகூரில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது என்றால் அதற்குக் காரணம் சீனர்கள். தென்சீனத் துறைமுகமான சுவாத்தோவில் இங்கிலாந்துப் பிரஸ்பிட்டேரியன் மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வேலை தொடங்கியிருந்தது. அது தியோச்சூ மக்களின் பகுதி. ஜோகூரின் ஆற்றோரக் காடுகளை வெட்டிக் காம்பிரும் மிளகும் போட வந்தவர்களில் பெரும்பாலோர் தியோச்சூக்காரர்கள்தான். ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு கங்சூ, அதாவது ஆற்று முதலாளி, ஜோகூர் ஆட்சியாளரிடம் உரிமை வாங்கிக்கொண்டு ஆட்களை இறக்கினார். கங்கார் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம். அப்படி வந்தவர்களில் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடி 1881இல் ஜே. ஏ. பி. குக் என்ற போதகரை மிஷன் சிங்கப்பூருக்கு அனுப்பியது. 1901இல் சிங்கப்பூர், ஜோகூர்ச் சபைகளுக்குச் சேர்த்து ஒரு சினாடு, அதாவது பேரவை, அமைந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்தச் சபை உடனே பிரியவில்லை. 1975இல்தான் மலேசிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபை தனியாக நின்றது. அரசியல் எல்லையை விட உறவு மெதுவாகத்தான் பிரியும் போலிருக்கிறது.

இடையில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலம். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை லாரியில் ஏற்றி, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள், ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள். அதே சமயம் கம்யூனிஸ்ட் சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்த மிஷனரிகளில் பலர், சீன மொழி தெரிந்தவர்கள், மலாயாவுக்கு வந்து அந்தக் கிராமங்களில் வேலை செய்தார்கள். மருந்து, பள்ளி, ஜெபக்கூட்டம். வேலிக்குள் அடைத்த அரசாங்கத்தின் அனுமதியோடு வந்த வெள்ளைக்காரரை அந்த மக்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். உதவி உண்மை, சந்தேகமும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

சரி, சபை எப்படி நடக்கிறது? இங்கே பிஷப் கிடையாது. சபையார் தங்களுக்குள் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போதகரும் மூப்பர்களும் உட்கார்ந்து சபையின் காரியங்களை முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் போதகர் சொன்னதே சட்டம் என்று இல்லை. மூப்பரின் வாக்குக்கும் அதே எடை. அதற்கு மேல் வட்டார மன்றம், அதற்கும் மேல் சினாடு, அங்கேயும் போதகர்களோடு மூப்பர்கள் உட்காருகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜெனிவாவில் கால்வின் வகுத்த முறை. ஜான் நாக்ஸ் அதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். லாபிஸ் மாதிரி ஊரில் அந்த மூப்பர் யார்? கடை வைத்திருப்பவராக, ஓய்வு பெற்ற ஆசிரியராக, செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவராக இருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை சபைக் கூட்டம், கணக்கு வாசிப்பு, கேள்வி. நம் கோயில் நிர்வாகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. கூரை ஒழுகுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசாத பொதுக்கூட்டம் உலகில் எங்காவது உண்டா!

ஒரு சின்னச் சபையின் வாரம் ஞாயிறு ஆராதனையோடு முடிவதில்லை. வீடுகளில் ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம், பாடகர் குழுவின் பயிற்சி, படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது என்று நாள் ஓடும். பல சீனச் சபைகள் பாலர் பள்ளியும் நடத்துகின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. வறுத்த பீஹூன், கறிக்கோழி, கோப்பி ஓ. மொழியும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. பாட்டிமாருக்குத் தியோச்சூவோ ஹொக்கியனோ, பேரப்பிள்ளைகளுக்கு மாண்டரின். பாட்டி ஜெபிப்பதைப் பேரன் பாதிதான் புரிந்துகொள்வான். நம் வீடுகளில் தமிழுக்கு நேர்வதைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது 2014க்கு வருவோம். ஞாயிறு பள்ளி என்பதே ஞாயிறு காலையில் பிள்ளைகள் ஓய்வாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் உருவானது. அந்த நம்பிக்கை போயிற்று. பிள்ளைகள் வகுப்பில், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே அரசாங்கப் பள்ளியில் வேலையில். ஜோகூர்ச் சபைகள் ஆளுக்கொரு வழி தேடின. பிள்ளைகளின் வகுப்பை வெள்ளிக்கோ சனிக்கோ மாற்றிய சபைகள் உண்டு. ஆராதனையையே மாற்றியவையும், இன்னொரு ஆராதனையைக் கூட்டியவையும் உண்டு. ஞாயிறை விடவே மாட்டோம் என்று நின்றவையும் உண்டு. மேலிருந்து ஓர் உத்தரவுக்குக் காத்திராமல், தன் ஊருக்கு எந்த நாள் ஒத்துவரும் என்று மூப்பர்கள் தாங்களே உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. சிற்றூரின் நேரம் எப்படி ஓடுகிறது என்பது சிற்றூர்க்காரனுக்குத்தான் தெரியும். எத்தனை வீட்டில் அப்பா ஞாயிறு லீவு, எத்தனை வீட்டில் அம்மா பள்ளி ஆசிரியை என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு. என்னைக் கேட்டால், லாபிஸ் அளவு ஊருக்கு இந்த மூப்பர் முறை பொருந்துவதற்கு வேதசாஸ்திரக் காரணங்களை விட இந்தக் காரணம்தான் வலுவானது.

1994க்கு முன்பும் ஜோகூரில் வெள்ளிதான் விடுமுறை. ஆகவே வயதான சபையாருக்கு இது இரண்டாவது சுற்று. பெரிய வெள்ளி வேறு கதை. சபாவிலும் சரவாக்கிலும் அது பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. வெள்ளி, சனி லீவு இருந்த அந்தப் பதினோரு வருஷம், ஜோகூர்க் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளியன்று தானாகவே விடுமுறை கிடைத்தது. ஒரு கையில் எடுத்து மறு கையில் கொடுத்த மாதிரி.

நாள் திரும்பிவிட்டது, ஆள் திரும்புவதுதான் கடினம். படித்து முடித்த பிள்ளைகள் ஜோகூர் பாருவுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். சீனர் வீட்டிலும் இதே கதை, தமிழர் வீட்டிலும் இதே கதை. அதனால் சிற்றூர்ச் சபைக்கு இரண்டு முகம். சாதாரண வாரங்களில் முதியவர்களும் சில குடும்பங்களும். சீனப் புத்தாண்டு வந்தால் நாற்காலி போதாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், கோலாலம்பூரில் படிக்கும் மகள், அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஞானஸ்நானமோ கல்யாணமோ வைக்க நினைப்பவர்கள் இந்த நாள்களைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள். கிம்மாஸுக்குத் தெற்கே 2025இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருப்பதால் ஊருக்கு வருவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. மாதம் ஒருமுறையாவது வருவார்களா என்பது ரயிலின் கையில் இல்லை.

ஏப்ரலில் சிங் மிங் வரும். மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஊதுவத்தி ஏற்றி, காகிதப் பணம் எரிப்பார். கிறிஸ்தவரான தம்பி அதைச் செய்ய மாட்டார். ஆனால் புல் வெட்டுவதில் இருவருக்கும் சண்டை இல்லை. தம்பி பூ வைத்து ஜெபித்துவிட்டு வருவார். இறப்பு வீட்டில்தான் இது இறுகும். ஊதுவத்தி பிடிக்காத மகனைச் சொந்தக்காரர்கள் ஏசுவதும் உண்டு. அந்த நேரத்தில் சபையார் ஒவ்வோர் இரவும் வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடுவது அந்த மகனுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது, கூட்டமாக நின்று துக்கம் காக்கும் நமக்குத் தெரியாததல்ல.

வெள்ளத்தைச் சொல்லாமல் லாபிஸைப் பற்றிப் பேச முடியாது. 2006 டிசம்பரில் சிகாமட் மாவட்டமே மூழ்கியது. 2011 ஜனவரி 30ஆம் தேதி லாபிஸ் வட்டாரத்தின் தெனாங் தொகுதியில் இடைத்தேர்தல், வாக்களிக்கப் போனவர்கள் தண்ணீரில் நடந்தார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும். தண்ணீர் ஏறினால் பள்ளிக்கூடம் நிவாரண மையம் ஆகும். மலேசியச் சிற்றூர்களில் அப்போது கோயில், தேவாலயம், சூராவ், சீனச் சங்க மண்டபம் என்று மேட்டில் இருக்கிற எந்த இடத்திலும் அடுப்பு மூட்டுவார்கள். வாராவாரம் இருபது பேருக்குப் பீஹூன் வறுத்துப் பழகிய பெண்கள் ஐக்கியத்துக்கு, இருநூறு பொட்டலம் கட்டுவதற்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை.

இதைக் கேட்கும் நேயர்களில் சிலருக்கு இப்படி ஒரு சபையிலிருந்து கிறிஸ்துமஸுக்கோ துக்கத்துக்கோ அழைப்பு வரலாம், பக்கத்துக் கடைக்காரரிடமிருந்தோ பிள்ளையின் ஆசிரியையிடமிருந்தோ. தாராளமாகப் போங்கள். பாட்டு மாண்டரினில் ஓடும்; எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள், அது போதும். திருவிருந்து அப்பமும் ரசமும் வரும்போது, ஞானஸ்நானம் வாங்காதவர்கள் தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். துக்க வீடு என்றால் பணத்தை வெள்ளை உறையில் வையுங்கள், சிவப்பு உறை வேண்டாம். சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ப எடுத்து வைப்பார்கள். சீனப் புத்தாண்டுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சுப்பழத்தை இரட்டைப்படையில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அவர்களும் இரண்டு பழம் கையில் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.