சிசுக்களின் நித்திரைப் பழக்கம்



தொட்டிலை ஆட்டினாலன்றி உறங்காத சிசு, நடுநிசியில் விழிக்குந்தோறும் அவ்வாட்டத்தையே நாடி அழும். நம் இல்லங்களில் தாய்மார் இதனால் நித்திரையிழந்து மெலிவதைக் காண்கிறோம். போஸ்டன் நகரத்து வைத்தியர் ரிச்சர்டு பெர்பர் 1985-ல் வெளியிட்ட நூலில், சிசுவை விழித்திருக்கையிலேயே படுக்கவிட்டு, அழுதால் சற்றுப் பொறுத்துச் சென்று தேற்றி, பொறுக்கும் நேரத்தைப் படிப்படியாக நீட்டுமாறு உரைத்தார். இவ்வகையிற் பழக்கிய குழந்தைகளை ஆறாம் வயதில் சோதித்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. நெடுநாள் தீங்கேதும் காணப்படவில்லை.

ஆயினும், ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இரவிலும் பால் வேண்டும்; அதற்கு இம்முறை ஆகாது. நோயுற்ற நாளிலும் ஆகாது. உறங்கவைக்கும்போது மல்லாத்தியே கிடத்துக.

பாட்டிமார் இதனைக் கன்னெஞ்சச் செயலென்று பழியாதிருக்க வேண்டுகிறோம். தாய் உறங்காவிடில் சேயைப் பேணுவது எங்ஙனம்?