அறுபடும் இணைப்பு: பழுதை எங்கே தேடுவது?



வெள்ளிவிழா மேடையில் மோடம் என்னும் பழங்கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் இளைஞர்கள் நகைப்பீர்கள். இன்று இணையம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆனால் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னை முதலிய பெருநகரங்களில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது முதல் பல ஆண்டுகள் வரை, தொலைபேசிக் கம்பி ஒன்றே நம்மவர்க்கு அதன் வாயிலாக இருந்தது.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியே அதன் வழிச் செல்லும். ஆகவே கணிப்பொறியின் எண்களை ஒலியாக்கி அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் பணி. 1960களின் தொடக்கத்தில் வந்த பெல் 103 மோடம் வினாடிக்கு 300 பிட்டுகள் அனுப்பியது. 1996 வாக்கில் அது 33,600 ஆயிற்று. அதே குறுகிய வழியில் இத்தனையையும் நெருக்கி அனுப்பும்போது, பேசுவோர் பொருட்படுத்தாத கரகரப்பும் இணைப்பை அறுத்துவிடும். “பேச முடிகிறதே, லைன் நன்றாகத்தானே இருக்கிறது?” என்னும் வாதம் இங்கே செல்லாது.

1998ஆம் ஆண்டின் மழைக்காலம். நான் பொறுப்பேற்றிருந்த சிறிய பயிற்சி நிலையத்தில் ஒரு மாணவி, உதவித்தொகை வேண்டி மின்னஞ்சல் அனுப்ப அமர்ந்தாள். கடைசி நாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. இணைப்பு அறுந்தது, மீண்டும் அறுந்தது. “தெரியாமல் எதையோ அழுத்திவிட்டாய்” என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டு நான் அமர்ந்தேன். எனக்கும் அறுந்தது. அந்தச் சொல்லுக்காக இன்றும் நாணுகிறேன்.

பிறகுதான் முறையாகத் தேடினோம். அடுத்த அறையில் அதே கம்பியில் இணைந்திருந்த தொலைபேசியைக் கழற்றினோம். அதை எவரேனும் எடுத்தாலே இணைப்புப் போய்விடும். சுவரில் உள்ள முனையில் மோடத்தை நேரே பொருத்தினோம். கணிப்பொறிக்கும் மோடத்திற்கும் இடைப்பட்ட கேபிளை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினோம். மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது பழுது என்பது கடைசிவரை தெரியாது. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பிழை திருத்தும் மோடம், கெட்ட பகுதியைத் திரும்ப அனுப்பச் செய்து இரைச்சலை மறைத்துவிடும். நாமோ கணிப்பொறி மந்தம் என்று அதனைப் பழிப்போம்.

எஞ்சியது வெளிக்கம்பி. ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை மட்டும் சுழற்றினால் டயல் ஒலி நின்றுவிடும். அதன்பின் அமைதி நிலவ வேண்டும். மாணவியே கேட்டுப் பார்த்தாள். “சார், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் கேட்கிறது” என்றாள். தெருக்கம்பத்துப் பெட்டியில் மழைநீர் இறங்கியிருக்க வேண்டும் என்று ஐயுற்றோம். புகார் எழுதிக் கொடுத்தோம். அன்றும் மறுநாளும் எவரும் வரவில்லை.

கடைசி நாள் மாலை, மோடத்தின் வேகத்தை 9,600 பிட்டுகளுக்கு மேல் போகாதபடி ஆணையிட்டுக் குறைத்தோம். வேகம் குறைந்தால் கரகரப்பைத் தாங்கும் வலிமை கூடும். அவளை மீண்டும் அமரச் செய்தேன். ஆறு நிமிடங்கள் இணைப்பு நின்றது, மின்னஞ்சல் சென்றது. அடுத்த வாரம் வந்த லைன்மேன் பெட்டியைத் திறந்தபோது, களிம்பேறிப் பச்சையாகியிருந்த கம்பி முனையை அவளைத்தான் முதலில் அழைத்துக் காட்டினேன்.